ஆர்.எஃப். ஜன்னல்: பொருத்துவதும் பூச்சு போடுவதும்

துகள் முடுக்கியில் ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண்) அலையை உள்ளே விடும் ஜன்னல் என்பது ஓர் அலுமினா பீங்கான் தட்டு, இல்லாவிட்டால் ஓர் உருளை, அவ்வளவுதான். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெற்றிடம், நடுவே அலை மட்டும் போகவேண்டும். செர்ன் ஆய்வகத்தின் பெரிய முடுக்கியான எல்.எச்.சி.யில் 400 மெகாஹெர்ட்ஸில் 300 கிலோவாட் வரை இப்படித்தான் போகிறது.

ஜன்னல் பெரிதாகப் பெரிதாக முதல் தலைவலி வெப்ப விரிவு. அலுமினாவைவிடச் செம்பு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு விரியும். அதனால் பீங்கானைச் சுற்றிப் பற்றவைக்கும் செம்பு வளையத்தை மெல்லிசாகக் கடைந்து, அதன்மேல் மாலிப்டினம் கம்பியை இறுக்கிச் சுற்றுங்கள். சூளையில் செம்பு வெளியே விலகப் பார்க்கும்போது கம்பி விடாது. பீங்கான் விளிம்பில் முன்கூட்டியே மாலிப்டினம்-மாங்கனீசு பூசி, ஈர ஹைட்ரஜனில் 1,400 டிகிரிக்கு மேல் சுட்டு, நிக்கல் முலாமும் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் 780 டிகிரியில் உருகும் வெள்ளி-செம்புப் பற்றாசு பீங்கானில் ஒட்டவே ஒட்டாது. சூளையிலிருந்து வந்ததும் ஹீலியம் கசிவு சோதனை.

அப்புறம்தான் பூச்சு. வரிசையை மாற்றாதீர்கள், பூசிவிட்டுச் சூளையில் வைத்தால் பூச்சு கெட்டுவிடும்.

ஓர் எலக்ட்ரான் மோதினால் அலுமினா பல எலக்ட்ரான்களைத் துப்பும், அவை திரும்பி வந்து மோதி இன்னும் பெருகும். இதுதான் மல்டிபாக்டர். ஓரிடத்தில் சூடேறி, கடைசியில் பீங்கான் விரிசல் விடும். வெற்றிடப் பக்கத்தில் டைட்டானியம் நைட்ரைடு பூசினால் அடங்கும், ஆனால் சுமார் 10 நானோமீட்டர் போதும். நல்லதுதானே என்று கூடுதலாகப் போட்டால் பூச்சிலேயே மின்னோட்டம் ஓடிச் சூடேறும், மருந்தே நோயான கதை! உருளை என்றால் நடுவில் டைட்டானியம் கம்பியை நிறுத்தி ஸ்பட்டரிங் (அயனிகளால் அடித்து அணுக்களைப் பெயர்த்துப் படியவைப்பது) செய்வது வசதி. பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சில்லையும் வையுங்கள், தடிமனை அதில் அளக்கலாம். மின்தடையைக் காற்று பட்ட பிறகே அளங்கள், ஆக்சிஜன் ஏறினால் எண் மாறும்.

எஃகு இடுக்கியால் பீங்கானைத் தொடவே கூடாது. அலுமினா எஃகைவிடக் கடினம், உரசினால் இடுக்கிதான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடாகப் படியும். நான் ஒருமுறை அதை அழுக்கு என்று நினைத்து ஆல்கஹாலால் அரைமணி நேரம் துடைத்தேன், போகவில்லை. அது உலோகம், அமிலத்தில் கழுவித்தான் எடுக்க முடிந்தது. பென்சில் குறியும் வேண்டாம், கிராஃபைட்டும் மின்சாரம் கடத்தும்.

பொருத்தியதும் முழுத் திறனைக் கொடுத்துவிடாதீர்கள். குட்டித் துடிப்புகளில் தொடங்கி, வெற்றிட அளவியைப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். முள் எகிறினால் திறனைக் குறைத்து, அழுத்தம் இறங்கும்வரை காத்திருங்கள். நாள்கணக்கில் ஆனாலும் சரி.