உப்புப் பாக்கெட்டை எடுத்துட்டுப் போங்க

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் பிரஷர், சுகர் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் தமிழக அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதற்கு அடுத்த வருஷம், எங்கள் மகளிர் குழுவிலிருந்து நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். பிரஷர், சுகர் பற்றி ஊரில் பேசப் போகும் புதுப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

கூட்டம் போட்டு ஆளைக் கூப்பிடாதீர்கள். ஆள் இருக்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும். எனக்குக் கைகொடுத்தது நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை. சாப்பாட்டு நேரத்தில் கால் மணி நேரம் போதும். ஆண்களுக்கு டீக்கடை, காலை ஆறு மணி.

கையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இருக்கட்டும். "வீட்ல எத்தனை பேரு? இது எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. அது மட்டமாக ஒரு டீஸ்பூன். நாலு பேருக்கு 20 கிராம் என்றால் ஒரு பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் எல்லாமே அந்த 5 கிராமுக்குள்தான் அடக்கம், அதனால் பாக்கெட் இன்னும் கூடுதல் நாள் வர வேண்டும். "எங்க வீட்ல மாசம் ரெண்டு பாக்கெட் போகுதே" என்று ஒரு அக்கா சொன்னதும் மற்றவர்களும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கணக்கை அவர்களே போடட்டும், நாம் குறுக்கே பேசக் கூடாது. பிறகு, கருவாட்டை நன்றாக ஊறவைத்து அலசுவது, சோறு வடிக்கும்போது உப்புப் போடாமல் விடுவது என்று சமையல்கட்டு வழிகளைச் சொல்லுங்கள்.

பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள். காபியோ பீடியோ குடித்திருந்தால் அரை மணி நேரம் போகட்டும். ஒரு தடவை 140/90-க்கு மேல் வந்ததை வைத்து நோய் என்று முடிவு கட்டாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அளவை அவர் காதில் மட்டும் சொல்லுங்கள். முதல் மாதம் ஒரு பெரியப்பாவின் சுகர் அளவை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் அதற்கப்புறம் நாலு மாதம் என் கண்ணில் படவே இல்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

அதிகம் போராட வேண்டியது மாத்திரையை நிறுத்துகிறவர்களோடுதான். "அளவு சரியாயிடுச்சும்மா, விட்டுட்டேன்" என்பார்கள். நான் கேட்பது இதுதான்: "மாடு சாதுவா நிக்குதேன்னு கயித்தை அவுத்து விடுவியாண்ணா?" மாத்திரை உள்ளே போவதால்தான் அளவு அடங்கி நிற்கிறது. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். சர்க்கரை இருப்பவர்களிடம் பாதத்தையும் காட்டச் சொல்லுங்கள். முள் குத்தியதுகூடத் தெரியாமல் வயலில் நடப்பவர்கள் உண்டு. செருப்பில்லாமல் இறங்க வேண்டாம், ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று பேத்தி பேரனிடம் சொல்லி வையுங்கள். அவர்கள் மறக்க மாட்டார்கள்.

நோட்டில் வந்தவர் பெயரோடு வராதவர் பெயரையும் எழுதுங்கள். மறுநாள் வராதவர் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும்.