கீழ்வீட்டு மதாம் சொல்லிக்கொடுத்த பால்மியே

சின்ன வயதில் பாண்டிச்சேரியில் பப்ஸ் வாங்கிக் கொடுத்தால் மொறுமொறு மேல்தோலை மட்டும் தின்றுவிட்டு உருளைக்கிழங்கைத் தம்பி பக்கம் தள்ளிவிடுவேன். கல்யாணமாகி பாரிசுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் தோலை மட்டும் சர்க்கரை போட்டுச் சுட்டு இங்கே எல்லா பேக்கரியிலும் விற்கிறார்கள் என்று. பெயர் பால்மியே. பிரெஞ்சில் அது பனை, தென்னை குடும்பத்து மரங்களுக்கெல்லாம் பொதுப்பெயர். விரிந்த ஓலை மாதிரி இருக்கிறதாம். எனக்கு என்னவோ பார்த்ததும் லிட்டில் ஹார்ட்ஸ் பாக்கெட்தான் ஞாபகம் வந்தது. ஜெர்மன்காரர்கள் பன்றிக்காது என்கிறார்கள். கொஞ்சம் கருகிப்போன பால்மியேவைப் பார்த்தால் அதுவும் சரிதான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கீழ்வீட்டு மதாம், எழுபதைத் தாண்டியவர். உப்பு வெண்ணெய்க்குப் பேர்போன பிரெத்தாஞ் பக்கத்துக்காரர், அதனால் உப்பு போடாத வெண்ணெயை வெண்ணெய் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் சொன்னதையும், நான் கெடுத்துக் கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சாமான் மூன்றே மூன்று. அடுக்கு மாவு (பஃப் பேஸ்ட்ரி) ஒரு சுருள், சர்க்கரை 100 கிராம், உப்பு இரண்டு சிட்டிகை. பிரான்ஸில் அடுக்கு மாவை யாரும் தினசரி வீட்டில் செய்வதில்லை, சூப்பர் மார்க்கெட்டில் 230 கிராம் சுருளாகக் கிடைக்கிறது. வாங்கும்போது உறையில் ‘ப்யூர் பேர்’, அதாவது முழுக்க வெண்ணெய் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மற்றதில் பெரும்பாலும் பாமாயில்தான். அதுவும் பொரியும், ஆனால் வெண்ணெய் வாய்ச்சூட்டிலேயே கரைந்துவிடும், பாமாயில் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊரில் கிடைக்கும் உறைந்த ஷீட் என்றால் முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். நம் ஊர்ச் சர்க்கரை பெருமணியாக இருக்கும், மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டால் போதும். மாவாக்கிவிட வேண்டாம், நறநறப்பு வேண்டும்.

இதில் ஓவன் அடுப்பைவிட ஃப்ரிட்ஜுக்குத்தான் வேலை அதிகம். 2019 ஜூலை 25 அன்று எனக்கு அது புரிந்தது. பாரிசில் அன்று 42.6 டிகிரி, இதுவரை பதிவானதிலேயே அதிக வெயில். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அன்றைக்கே பால்மியே சுடப் பிடிவாதமாக உட்கார்ந்தேன். மடிக்க மடிக்க மாவு விரலில் வழுக்கியது, பலகையெல்லாம் எண்ணெய்ப் பசை. தட்டை உள்ளே வைத்த ஐந்தாவது நிமிடம் வெண்ணெய் குளமாகக் கட்டி, துண்டுகள் அதில் பொரிந்துகொண்டிருந்தன. வெளியே வந்தது தட்டையான சர்க்கரை வடை. மதாம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

காரணம் இதுதான். இந்த மாவில் மாவுத்தாள், வெண்ணெய்த்தாள் என்று மாறி மாறி நூற்றுக்கணக்கில் அடுக்கு இருக்கிறது. சூடு பட்டதும் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு தாளையும் தள்ளி விலக்கும். அடுப்புக்குப் போகும் முன்பே வெண்ணெய் உருகிவிட்டால் அதை மாவு குடித்துவிடும், அடுக்கே இருக்காது. அதனால் நடுவில் எப்போது மாவு தொளதொளத்தாலும் யோசிக்காமல் 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் தள்ளுங்கள்.

சரி, மடிப்புக்கு வருவோம். மேடையில் மாவு தூவாதீர்கள், சர்க்கரையைத் தூவுங்கள். அதன்மேல் சுருளை விரித்து, மேலேயும் சர்க்கரை, உப்பு. பூரிக்கட்டையை அழுத்தாமல் ஒருமுறை உருட்டினால் சர்க்கரை மாவில் பதிந்துகொள்ளும். நீள்சதுரச் சுருள் என்றால் அகலம் ஏறக்குறைய 24 செ.மீ. இருக்கும், கணக்கு சுலபம். இடப்பக்க ஓரத்தில் 4 செ.மீ. உள்ளே மடியுங்கள், வலப்பக்கமும் அப்படியே. கொஞ்சம் சர்க்கரை. மறுபடி இரண்டு பக்கமும் 4 செ.மீ. மடித்தால் இரண்டு மடிப்பும் நடுவில் வந்து சந்திக்கும். இடிக்கவிடாமல் ஒரு நூல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மடிப்பில் புடைத்துக்கொள்ளும். கடைசியில் புத்தகத்தை மூடுவதுபோல் ஒரு பாதியை இன்னொன்றின் மேல் போடுங்கள். ஆறு அடுக்கில் ஒரு நீளக் கட்டை கிடைக்கும். தாளில் சுற்றி ஃப்ரீசரில் 20 நிமிடம். கல்லாக உறைய வேண்டாம், கத்தி போட்டால் நசுங்காத அளவு போதும்.

வட்டச் சுருளாக இருந்தால் ஓரங்களை நறுக்கி நீள்சதுரமாக்க வேண்டியிருக்கும். அந்த ஓரங்களைச் சப்பாத்தி மாவு போல உருட்டிப் பிசையாதீர்கள், அடுக்கெல்லாம் போச்சு. ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டு அழுத்தித் தேய்த்தால் அதுவும் ஒரு குட்டி ஷீட். ஜனவரியில் இங்கே வீட்டுக்கு வீடு கலெத் தெ ருவா செய்வார்கள், அடுக்கு மாவில் இரண்டு வட்டம் வெட்டி நடுவே பாதாம் பூரணம் வைக்கிற கேக். மதாம் வீட்டில் அதில் மிஞ்சும் ஓரங்கள் மறுநாள் பால்மியேவாகிவிடும்.

மாவையே வீட்டில் செய்ய ஆசையா? 250 கிராம் மைதா, 5 கிராம் உப்பு, 125 மில்லி குளிர்ந்த தண்ணீர். லேசாகச் சேர்த்து அரை மணி குளிரவைத்து, நடுவில் 190 கிராம் வெண்ணெயைத் தட்டையாக வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிப்பது. இதை ஆறு முறை, இரண்டு முறைக்கொரு தடவை அரை மணி ஃப்ரிட்ஜ். ஆறு மடிப்பில் வெண்ணெய் 729 அடுக்காகிறது. பால்மியேவுக்குக் கடைசி இரண்டு மடிப்பில் மாவுக்குப் பதில் சர்க்கரை தூவித் தேய்ப்பார்கள். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை செய்வேன், குளிர்காலத்தில் மட்டும்.

அடுப்பை 200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள், காற்றாடி ஓடும் அடுப்பு என்றால் 190. கட்டையை ஒரு செ.மீ. கனத்தில் வெட்டி, வெட்டிய முகம் இரண்டையும் சர்க்கரையில் ஒற்றி, பேக்கிங் தாளில் படுக்கவையுங்கள். திறந்த பக்கத்து நுனிகளை லேசாக விலக்கிவிட்டால் நல்ல இதயமாக விரியும். இது மேலே எழும்பாது, பக்கவாட்டில்தான் விரியும், ஏனென்றால் அடுக்குகள் இப்போது செங்குத்தாக நிற்கின்றன. ஐந்து செ.மீ. இடைவெளி கட்டாயம். நெருக்கி வைத்தால் எல்லாம் கைகோர்த்துக்கொண்டு ஒரே பாயாக வரும். 30 துண்டுக்குக் குறையாது என்பதால் இரண்டு ஈடாகச் சுடுங்கள், காத்திருக்கும் துண்டுகள் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

பத்து நிமிடத்தில் அடிப்பக்கச் சர்க்கரை உருகி நிறம் ஏறியிருக்கும். தட்டை வெளியே இழுத்து, மெல்லிய தோசைத் திருப்பியால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வெளுத்திருக்கும். புரட்டிய பிறகு இன்னும் நான்கைந்து நிமிடம். அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்காதீர்கள். பால் விட்ட டீயின் நிறத்தில் எடுத்துவிட வேண்டும், டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போனால் கசக்கும். உருகிய சர்க்கரை கொதிக்கும் எண்ணெயைவிட மோசம், தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்று மட்டும் விட்டுவிடுங்கள். சூட்டில் வளையும், கம்பித்தட்டில் பத்து நிமிடம் ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

ஒருமுறை சர்க்கரையில் ஏலப்பொடி கலந்தேன். மதாம் ஒன்றைத் தின்றுவிட்டு, “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது பால்மியே இல்லை” என்றார். அப்புறம் இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

முழுதும் ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் நாலைந்து நாள் தாங்கும். மழை நாளில் சர்க்கரை ஈரத்தை இழுத்து மெத்தென்று ஆகிவிட்டால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள், ஆறியதும் மறுபடி நொறுங்கும்.