பச்சைத்தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வருகிறதா?

ஊரில் கீசர் குளியலறைச் சுவரிலேயே தொங்கும். அமெரிக்கத் தனி வீடுகளில் வெந்நீர் டேங்க் கராஜிலோ அடித்தளத்திலோ இருக்கும். அங்கிருந்து மாடிக் குளியலறைக்கு 60 அடி தூரம் என்றால், முக்கால் அங்குலச் செப்புக் குழாயில் ஒன்றரை காலன், அதாவது 5.7 லிட்டர், ஆறிப்போன தண்ணீர் நிற்கும். அதைக் கொட்டித் தீர்த்த பிறகுதான் சூடு வரும்.

இதைத் தவிர்க்கச் சில வீடுகளில் ஹீட்டர் மேல் ஒரு சின்னப் பம்பும், கடைசி சிங்கின் அடியில் ஒரு இணைப்பு வால்வும் இருக்கும். ஆறிய தண்ணீரைப் பம்பு அந்த வால்வு வழியே பச்சைத்தண்ணீர்க் குழாய்க்குள் தள்ளிவிடும். சூடு ஏறக்குறைய 36 டிகிரி செல்சியஸை எட்டியதும் வால்வு தானே மூடிக்கொள்ளும். ஆகவே அந்தக் குழாயில் பச்சைத்தண்ணீர் முதலில் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் உலைக்கும் குடிக்கவும் பிடிக்குமுன் குளிரும்வரை ஓடவிடுங்கள். வெந்நீரில் ஈயம் அதிகம் கரையும், கொதிக்கவைத்தாலும் போகாது.

எவ்வளவு ஓடவிட்டாலும் குளிரவில்லை என்றால் வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம். சிங்க் அடியில் வெந்நீர்ப் பக்கத் திருகை மட்டும் மூடிவிட்டு, அரை மணி கழித்து வேறு குளியலறையில் பச்சைத்தண்ணீரைத் திறந்து பாருங்கள். சரியாகிவிட்டால் வால்வுதான் குற்றவாளி. அப்போதும் சூடு குறையவில்லையென்றால், ஒற்றைக் கைப்பிடி ஷவரின் கார்ட்ரிட்ஜ் (கைப்பிடிக்குள் இருக்கும் கலப்பு உருளை) உள்ளே கசிந்து வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலக்கலாம்.

வால்வைக் கழற்றப் பம்பின் பிளக்கைப் பிடுங்குங்கள், இரண்டு திருகையும் மூடுங்கள், குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள், அடியில் வாளி வையுங்கள். வால்வின் வாய்ப்பகுதியில் சல்லடை இருந்தால் மணலும் சுண்ணாம்புப் பொருக்கும் அடைத்திருக்கும். வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவி மாட்டுங்கள். கையால் இறுக்கிய பின் ஸ்பேனரில் கால் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் நசுங்கி ஒழுகும். மறுபடி சிக்கினால் புது வால்வுதான்.

வெந்நீரே தாமதமாக வருகிறதா? முதலில் பம்பை ஓட்டும் டைமரைப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் முள் டைமர் பின்தங்கும். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் மாறும்போதும் அது தானாக மாறாது. பம்பின் பிளக் பாயிண்டில் ரீசெட் பொத்தான் வெளியே தள்ளி கரண்ட் நின்றிருக்கலாம். பம்பு அதிர்கிறது, சூடு மட்டும் வரவில்லை என்றால் காற்று அடைத்திருக்கும். கடைசி வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, துப்பித் துப்பி வருவது நிற்கும்வரை விடுங்கள்.

வாடகை வீடென்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். சோதித்ததை எழுதி வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.