குறை சொல்லப்படும் லேப்டாப்பை வாங்கலாமா?

முதலில் அது மென்பொருள் குறையா, வன்பொருள் குறையா என்று பிரித்துப் பாருங்கள். டச்பேட் தடுமாற்றம், வைஃபை துண்டிப்பு, ஓயாத ஃபேன் சத்தம் எல்லாம் டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டில் பல நேரம் சரியாகிவிடும். மங்கலான திரை, போர்டிலேயே சால்டர் செய்த 8 ஜிபி ரேம் போன்றவை கடைசிவரை மாறாது. விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் குறைகள் உள்ள லேப்டாப்பை வாங்காதீர்கள்.

வாங்கிவிட்டால், ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் சோதியுங்கள். இருட்டறையில் திரை முழுக்கக் கறுப்புப் படம் வைத்தால் ஓரங்களில் வெளிச்சம் கசிந்தால் தெரியும். கனமான வேலையை 30 நிமிடம் ஓட்டுங்கள். சூடேறியதும் வேகம் பாதியாகச் சரிந்தால் குளிர்விப்பு போதாமல் இருக்கலாம். இரவு முழு சார்ஜில் ஸ்லீப்பில் மூடிவையுங்கள். காலையில் 20 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் பயாஸ் அப்டேட் செய்து மறுநாளும் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.