ஸ்கேன் செய்த பழைய படங்களிலும் ஆவணங்களிலும் கறை நீக்குவது எப்படி?

மென்பொருளைத் திறப்பதற்கு முன், ஸ்கேனரின் கண்ணாடியைப் பஞ்சு பிரியாத மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய ஒரு தூசு எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில் புள்ளியாக விழும். அதைப் பிறகு பக்கம் பக்கமாக அழிப்பது வீண் உழைப்பு. எழுத்து ஆவணங்களுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்னும் அளவு) போதும். சிறிய புகைப்படங்களுக்கு 600 டிபிஐ வையுங்கள். ஜேபெக் வடிவம் எழுத்துகளின் ஓரங்களில் மங்கலான துகள்களைச் சேர்ப்பதால், டிஃப் கோப்பாகவே சேமியுங்கள்.

இங்கே நான் பயன்படுத்துவது கிம்ப் என்னும் இலவச மென்பொருள். படத்தைத் திறந்ததும் 'லேயர்' (அடுக்கு) பட்டியில் 'டூப்ளிகேட் லேயர்' என்பதைச் சொடுக்கி, கிடைக்கும் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். அடியில் மூலப்படம் அப்படியே இருப்பதால், மேலடுக்கின் கண் குறியை அணைத்து, எதை மாற்றினோம் என்று எப்போது வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புள்ளிகளை நீக்க 'ஹீல்' கருவியை எடுங்கள்; எச் விசையை அழுத்தினாலும் அது வரும். தூரிகையைப் புள்ளியைவிடச் சற்றே பெரிதாக வைத்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி அருகிலுள்ள பழுதில்லாத இடத்தைச் சொடுக்கிவிட்டு, பின்பு புள்ளியின் மேல் சொடுக்குங்கள். இக்கருவி நல்ல இடத்தின் இழைநயத்தை எடுத்து, பழுதான இடத்தைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து நிரப்புகிறது. அதனால்தான் வானம், சுவர், கன்னம் போன்ற பரப்புகளில் தடயமே தெரியாமல் வேலை செய்யும் அதே கருவி, புடவைக் கரை, தலைமுடி ஓரம் போல இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் அழுக்காகத் தீற்றிவிடுகிறது. அங்கே நிறத்தைக் கலக்காமல் அப்படியே நகலெடுக்கும் 'குளோன்' கருவியே பொருத்தம். நீண்ட நேரான கீறலுக்கு, ஒரு முனையில் சொடுக்கிவிட்டு ஷிஃப்ட் விசையுடன் மறுமுனையில் சொடுக்கினால் தூரிகை நேர்கோட்டில் செல்லும்; ஆனாலும் சிறு சிறு துண்டுகளாகச் செய்வதே நல்லது.

முகத்தில் மட்டும் அவசரம் கூடாது. கறை என்று நாம் நினைப்பது தாத்தாவின் மச்சமாகவோ அம்மை வடுவாகவோ இருக்கலாம். அவருடைய வேறொரு படத்தைப் பார்த்தோ, அவரை அறிந்த பெரியவர்களைக் கேட்டோ உறுதிசெய்யாமல் அதை அழித்தால், அடுத்த தலைமுறைக்கு நாம் கொடுப்பது அவருடைய முகமாக இருக்காது.

பழுத்துப்போன பத்திரம், கடிதம் போன்றவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. வண்ணத்தில் ஸ்கேன் செய்த படம் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறப் பகுதிகளால், அதாவது அலைவரிசைகளால், ஆனது. அதில் மஞ்சள், பழுப்புக் கறைகள் நீல அலைவரிசையில்தான் கருமையாகத் தெரியும். சிவப்பு அலைவரிசையில் ஏறக்குறைய காகிதத்தோடு காகிதமாக மறைந்துவிடும். 'கலர்ஸ்' பட்டியில் 'காம்பொனன்ட்ஸ்' என்பதன் கீழுள்ள 'எக்ஸ்ட்ராக்ட் காம்பொனன்ட்' மூலம் சிவப்பை மட்டும் பிரித்தெடுத்தால், தேநீர்க் கறையின் பெரும்பகுதி தூரிகையே தொடாமல் போய்விடும், கருப்பு மை எழுத்தும் நிலைத்து நிற்கும். ஆனால் சிவப்பு மையில் இட்ட குறிப்புகளும் கறையோடு சேர்ந்து மங்கிவிடும் என்பதால், அவை உள்ள பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். பிறகு ஒளி, இருள் அளவுகளைச் சரிசெய்யும் 'லெவல்ஸ்' சாளரத்தில் வலப்பக்க வெள்ளை முக்கோணத்தைச் சிறிது இடப்புறம் நகர்த்தினால் காகிதம் வெளுக்கும். மெல்லிய பேனாக் கோடுகள் கரையத் தொடங்கும் இடத்திற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். சிதைந்த எழுத்தை ஊகித்து வரைந்து நிரப்பவே கூடாது.

அடுக்குகளுடன் ஒரு பிரதியைக் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் சேமித்து, பகிர்வதற்கான படத்தை 'எக்ஸ்போர்ட்' வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். கை வைக்காத முதல் ஸ்கேன் கோப்பைத் தனிக் கோப்புறையில் வையுங்கள்.