வடிக்க வேண்டாத பாஸ்தா: ஒரே பாத்திரம், அரை மணி நேரம்

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே வயிறு கூப்பாடு போடும். சமைப்பதுகூடப் பரவாயில்லை, சாப்பிட்டு முடித்தபின் தொட்டியில் குவிந்து கிடக்கப்போகும் பாத்திரங்களை நினைத்தால்தான் கை ஓடாது. வழக்கமான முறையில் பாஸ்தா செய்தால் வேகவைக்க ஒரு பெரிய பாத்திரம், வடிக்க ஒரு வடிதட்டு, சாஸுக்கு ஒரு வாணலி என்று மூன்று சேர்ந்துவிடும். இந்தச் செய்முறையில் ஒன்றே ஒன்றுதான். வெங்காயம் வதங்குவதும் தக்காளி குழைவதும் பாஸ்தா வேவதும் எல்லாம் அதிலேயே. வெட்டத் தொடங்கியதிலிருந்து தட்டில் போடும் வரை அரை மணி நேரம். முதல் முறை செய்கிறவர்களுக்கு நாற்பது நிமிடம் ஆகலாம், பதற வேண்டாம்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 2013-ல் அமெரிக்காவில், சமையல் குறிப்புகளுக்குப் பெயர்போன மார்த்தா ஸ்டூவர்ட்டின் பத்திரிகையில், எல்லாப் பொருளையும் பச்சையாகவே ஒரே வாணலியில் போட்டுக் கொதிக்கவிடும் குறிப்பு ஒன்று வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த முறை இவ்வளவு பரவியது. அதில் வெங்காயத்தைக்கூட வதக்குவதில்லை. நானும் அப்படியே செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வெங்காயத்தின் பச்சை வாசனை எனக்கு ஒத்துவரவில்லை. அதனால் ஐந்து நிமிடம் கூடுதலாகப் போனாலும் வதக்கிவிடுகிறேன்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

பாஸ்தா பாக்கெட்டில் 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று போட்டிருப்பார்கள். அவ்வளவு தண்ணீரில் வேகவைத்து, வெந்ததும் வடித்துக் கொட்டுவோம். வடியும் தண்ணீர் கலங்கலாக இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? பாஸ்தாவிலிருந்து கரைந்து வந்த மாவுச்சத்து அது. நாம் அதைத்தான் தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த முறையில் 250 கிராம் பாஸ்தாவுக்கு 700 மில்லி தண்ணீர்தான். கொஞ்சத்தைப் பாஸ்தா குடித்துவிடும், கொஞ்சம் ஆவியாகப் போகும், மீதி சாஸாகிவிடும். மாவுச்சத்து முழுவதும் உள்ளேயே நிற்பதால் அது தண்ணீரையும் எண்ணெயையும் பிரியவிடாமல் பிடித்து, சாஸைக் கெட்டியாக்குகிறது. கிரீமோ சோளமாவோ தேவையே இல்லை.

ஆனால் வடிக்கப்போவதில்லை என்பதால் போட்டது எதையும் திரும்ப எடுக்க முடியாது. இதை நான் உப்பில்தான் கற்றுக்கொண்டேன். வழக்கமான முறையில் லிட்டருக்கு 10 கிராம் வரை உப்புப் போடுவது உண்டு. பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும். பழக்க தோஷத்தில் இந்த முறையிலும் இரண்டு மேசைக்கரண்டி உப்பை அள்ளிப் போட்டேன். அன்றைய இரவுச் சாப்பாடு வெறும் ரொட்டி. ஆகவே ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள், குறைந்தால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல பசியோடு இரண்டு பேருக்கு, அளவாகச் சாப்பிடுகிறவர்கள் என்றால் மூன்று பேருக்கு வரும்.

பென்னே அல்லது ஃபுஸில்லி – 250 கிராம் (சுமார் இரண்டரை கப்)
பழுத்த தக்காளி – 400 கிராம், நடுத்தர அளவில் நான்கு
வெங்காயம் – பெரியது ஒன்று
பூண்டு – 4 பல்
குடமிளகாய் – 1
கீரை – இரண்டு கைப்பிடி
எண்ணெய் – 2 மேசைக்கரண்டி (ஆலிவ் எண்ணெய் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எதுவானாலும் சரி)
தண்ணீர் – 700 மில்லி, கூடவே கைவசம் ஒரு டம்ளர் வெந்நீர்
உப்பு – 1 டீஸ்பூன்
சில்லி ஃபிளேக்ஸ் – அரை டீஸ்பூன்
ஓரிகானோ – அரை டீஸ்பூன்
மிளகுத்தூள், துருவிய சீஸ் – விருப்பம்போல்; நான் சீஸ் 40 கிராம் போடுவேன்

பாஸ்தா வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பென்னே, ஃபுஸில்லி போன்ற குட்டையான, தடித்த வகைகள்தான் முதல் முறைக்குப் பாதுகாப்பு. ஸ்பகெட்டியிலும் செய்யலாம், ஆனால் அது கற்றையாக ஒட்டிக்கொள்ளும். முதல் சில நிமிடங்கள் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முடி மாதிரி மெல்லிசாக இருக்கும் வகைகளும், பாக்கெட்டில் காயாமல் ஈரமாக வரும் ஃபிரெஷ் பாஸ்தாவும் இந்த முறைக்கு ஆகாது. சாஸ் கெட்டியாவதற்குள் அவை கூழாகிவிடும்.

பாத்திரம் அகலமாக, அடிகனமாக, மூடியோடு இருக்கட்டும். மெல்லிய பாத்திரத்தில் அடிப்பிடிப்பது உறுதி.

படி 1: வெட்டுவது

வெங்காயத்தைப் பொடியாகவும் தக்காளியைச் சிறு துண்டுகளாகவும் நறுக்கிக்கொள்ளுங்கள். பூண்டை நசுக்கினால் போதும். குடமிளகாயை ஒரு கடியில் வாய்க்குள் போகிற அளவுக்கு வெட்டுங்கள். கீரையைக் கழுவித் தண்ணீரை உதறி வையுங்கள்.

இன்னொரு அடுப்பில் அல்லது மின்கெட்டிலில் தண்ணீரைச் சூடுபோட்டுவிடுங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது மறுபடி கொதிப்பதற்கே ஏழெட்டு நிமிடம் போய்விடும், அதுவரை பாஸ்தா சும்மா ஊறிக்கொண்டிருக்கும்.

படி 2: வதக்குவது

மிதமான தீயில் எண்ணெயைக் காயவைத்து வெங்காயத்தைப் போடுங்கள். ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சீக்கிரம் வதங்கும். (இந்தச் சிட்டிகையும் அந்த ஒரு டீஸ்பூன் கணக்கில்தான் வருகிறது.) நான்கு நிமிடத்தில் கண்ணாடி போல ஆகிவிடும். பொன்னிறம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் பூண்டும் சில்லி ஃபிளேக்ஸும். பூண்டு போட்டபின் கைபேசியை எடுக்காதீர்கள். அரை நிமிடத்தில் மணம் வரும், ஒரு நிமிடம் தாண்டினால் கருகும். கருகிய பூண்டின் கசப்பு கடைசி வாய் வரை விடாது.

மணம் வந்த உடனே தக்காளியையும் ஓரிகானோவையும் சேர்த்து, தீயைக் கொஞ்சம் கூட்டி, மூன்று நான்கு நிமிடம் கிளறுங்கள். தோல் சுருண்டு, கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் பதம் வந்தால் போதும். முழுக்கக் கரைய வேண்டாம், மீதியைக் கொதி பார்த்துக்கொள்ளும்.

படி 3: பாஸ்தாவைப் போடுவது

பாஸ்தா, குடமிளகாய், மிச்ச உப்பு மூன்றையும் போட்டு, 700 மில்லி வெந்நீரை ஊற்றுங்கள். கரண்டியால் தட்டிச் சமன்செய்து பாருங்கள்: பாஸ்தா ஏறக்குறைய முழுகியிருக்க வேண்டும், மேலே ஒன்றிரண்டு தலைநீட்டினால் தப்பில்லை. அதற்காக இன்னும் தண்ணீர் ஊற்றக் கை போகும். போக விடாதீர்கள்.

கொதி வந்ததும் நன்றாக ஒரு முறை அடியிலிருந்து கிளறுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில்தான் பாஸ்தாவின் வெளிப்பக்கம் பிசுபிசுவென்று இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டுவதும் அடியில் ஒட்டுவதும் அப்போதுதான். அந்த நேரத்தைக் கடந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு தீயை மிதமாக்கி, மூடியைச் சற்றுத் திறந்தபடி சாய்த்து வையுங்கள். முழுக்க மூடினால் நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழியும்.

படி 4: கேட்பதும் பார்ப்பதும்

பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் இதில் 12 முதல் 14 நிமிடம் பிடிக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அடி தொட்டுக் கிளறுங்கள். இடையில் மேசையைத் துடைக்கலாம், தட்டு எடுத்து வைக்கலாம்.

புதிதாகச் செய்கிறவர்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காதையும் கொஞ்சம் கொடுங்கள். தொடக்கத்தில் தண்ணீர் கொதிக்கிற சளசளப்புக் கேட்கும். பத்து நிமிடம் போல ஆனதும் சத்தம் மாறும். கொப்புளங்கள் பெரிதாகி, ஒவ்வொன்றும் மெதுவாக ‘ப்ளக், ப்ளக்’ என்று வெடிக்கும். சாஸ் கெட்டியாகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இந்தக் கட்டத்தில்தான் அடிப்பிடிக்கவும் செய்யும், ஆகவே மூடியை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இப்போது ஒரு பாஸ்தாவை எடுத்து, ஊதி ஆறவைத்து, பாதியாகக் கடித்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்பு போல ஒரு வெள்ளை வளையம் நன்றாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம். ஊசிமுனை அளவுக்கு மங்கலாகத் தெரிந்தால் அடுப்பை அணைக்கும் நேரம். வெள்ளையே இல்லையென்றால் கொஞ்சம் தாண்டிவிட்டது, பரவாயில்லை, சாப்பிடலாம்.

சாஸுக்கும் இதே போல ஒரு சோதனை உண்டு. தட்டைக் கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் தண்ணீராக இருக்கிறது. ஓரிரு நொடி அடி தெரிந்து, பிறகு சாஸ் மெதுவாக வந்து மூடினால் சரியான பதம். ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால், உங்களுக்குப் பிடித்த கெட்டிக்கு ஒரு படி முன்பே நிறுத்திவிடுங்கள்.

படி 5: அடுப்பை அணைத்தபின்

கீரையைப் போட்டுப் புரட்டுங்கள். அந்தச் சூட்டிலேயே ஒரு நிமிடத்தில் சுருண்டுவிடும். சீஸும் அடுப்பை அணைத்தபின்தான். கொதிக்கிற சாஸில் போட்டால் அதிலிருக்கும் புரதம் இறுகி, ரப்பர் மாதிரி கரண்டியைச் சுற்றிக்கொள்ளும். ஒரு நிமிடம் கொதி அடங்கட்டும், பிறகு பரவலாகத் தூவிக் கலந்தால் வழுவழுப்பாகச் சேரும். மிளகுத்தூள் போட்டு உப்பைச் சரிபாருங்கள். சீஸிலும் உப்பு இருப்பதால் அதைப் போட்டபிறகு ருசி பார்ப்பதுதான் முறை. மூடி வைத்து இரண்டு நிமிடம் கழித்துப் பரிமாறுங்கள்.

ஏதாவது கோளாறு என்றால்

பாஸ்தா வெந்துவிட்டது, தண்ணீர் நிற்கிறதா? மூடியில்லாமல் தீயைக் கூட்டி ஒரு நிமிடம் வேகமாகக் கிளறுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள், குழைந்துவிடும். மீதியைச் சீஸும் அந்த இரண்டு நிமிட ஓய்வும் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் வற்றிவிட்டது, பாஸ்தா வேகவில்லையா? கைவசம் வைத்த வெந்நீரை ஒரே அடியாக அல்ல, கால் டம்ளராக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் தீய்ந்த வாசனை பரவாமல் தப்பிக்கலாம். ஒரே பாத்திரம் என்ற பெருமை போய்விடும், என்ன செய்வது.

இன்னொன்று, விருந்தாளிகள் வரும் நாளில் நான் மாட்டிக்கொண்டது. அளவை இரட்டிப்பாக்கினால் தண்ணீரையும் அப்படியே இரட்டிப்பாக்கக் கூடாது. பாத்திரத்தின் வாய் அகலம் கிட்டத்தட்ட அதேதான், ஆவியாகிப் போகும் தண்ணீரும் இரண்டு மடங்காவதில்லை. 500 கிராம் பாஸ்தாவுக்கு 1,250 மில்லியில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் ஊற்றிக்கொள்ளலாம். நான் அன்று 1,400 ஊற்றி, சூப் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாற்றிப் போடுவதற்கு

வேகும் நேரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் காயையும் சேர்க்கலாம். கேரட், பீன்ஸ் என்றால் பொடியாக வெட்டி, தண்ணீர் ஊற்றும்போதே போட்டுவிடுங்கள். உறைந்த பட்டாணி கடைசி மூன்று நிமிடத்துக்குப் போதும். காளானைத் தக்காளிக்கு முன் போட்டு, அது விடும் தண்ணீர் வற்றும் வரை வதக்குங்கள். எலும்பில்லாத கோழி என்றால் சிறு துண்டுகளாக வெட்டி, வெங்காயத்தோடு நிறம் மாறும் வரை வதக்குங்கள். பிறகு பாஸ்தாவோடு சேர்ந்து வெந்துவிடும், ஒரு துண்டைப் பிளந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பால் சேர்த்துக் கிரீமியாகச் செய்ய ஆசைப்பட்டால், தக்காளியின் புளிப்பில் பால் திரிந்துவிடக்கூடும். கொழுப்பு அதிகமுள்ள கிரீம் அவ்வளவு எளிதில் திரியாது; அதையும் அடுப்பை அணைத்தபின் நாலு கரண்டி ஊற்றினால் போதும்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் சாஸையெல்லாம் பாஸ்தா குடித்துக் கட்டியாகக் கிடக்கும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு நன்றாகச் சூடாக்கினால் இளகிவிடும்.

அப்புறம், சாப்பிட உட்காரும் முன்பே காலிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சாஸைக் கெட்டியாக்கிய அதே மாவுச்சத்து காய்ந்தால் பசையாகிவிடும். ஊறவிட்டால் கையால் தடவினாலே போய்விடும்.