‘மைனர் ஒர்க்’ என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்

கும்பகோணத்தில் உட்கார்ந்து லண்டன் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள் பலரும் தடுக்கி விழும் சொல் ‘நான்-ட்ரிவியல்’. ‘அற்பமில்லை’ என்பது அகராதிப் பொருள். அதை நம்பி, ‘நாளைக்கு முடிச்சிடுறேன்’ என்று பதில் போட்டுவிடுவார்கள். அனுப்பியவர் சொல்ல வந்ததோ, ‘இது எத்தனை நாள் இழுக்கும்னு எனக்கே பிடிபடல.’ ‘எ பிட் ட்ரிக்கி’யும் அதே ரகம். ஒரு வேலையை ‘இன்வால்வ்டு’ என்றால் யாரோ அதில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள் என்று பொருளல்ல. தொட்டால் நூல் நூலாகப் பிரியும் வேலை அது.

ஆங்கிலேயர் அடக்கி வாசிப்பது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே புரியாமல் போயிருக்கிறது. 1951 ஏப்ரலில், கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படை நெருக்கியபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் ப்ரோடி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை ‘எ பிட் ஸ்டிக்கி’ (கொஞ்சம் சிக்கல்) என்றதாகச் சொல்வார்கள். சமாளித்துக்கொள்வார்கள் என்று அந்த அமெரிக்கர் எடுத்துக்கொண்டார். குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு சுற்றி வளைக்கப்பட்டது, பெரும்பாலோர் சிறைபட்டார்கள்.

இதைவிட மோசம், அந்தப் பேச்சை நம் வயலுக்குக் கொண்டுவருவது. 200 அடி போர்வெல்லில் நீர்மூழ்கி மோட்டார் நின்றுவிட்டது. மேலே ஸ்டார்ட்டரை மட்டும் பார்த்துவிட்டு ‘மைனர் ஃபால்ட்தான்’ என்கிறார் மெக்கானிக். கோளாறு கீழே என்றால் முக்காலி நட்டு, 20 அடிக் குழாய் பத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஏற்ற வேண்டும். காயில் கருகியிருந்தால் கட்டிவர டவுனுக்குப் போகணும். அதற்குள் குறுவை நாற்றங்கால் வெடித்துவிடும். ‘நாலு நாள் ஆகலாம்’ என்று காலையிலேயே சொல்லியிருந்தால், பக்கத்து மோட்டாரில் தண்ணீர் கேட்டிருப்பார் விவசாயி. ‘மைனர்’ என்றதால் காத்திருந்தார்.

நெல் கொள்முதல் நிலையத்தில் ‘லைட்டா ஈரம்’ என்பதும் இப்படித்தான். ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்றால், 18-ஆ 22-ஆ என்று எண்ணைச் சொன்னால்தான் ஒரு வெயில் போதுமா, களத்தில் பரப்பிக் கிளறிக்கொண்டே கிடக்கணுமா என்று தெரியும்.

சொல்பவர் மூன்றைச் சொன்னால் போதும்: எது பழுது, குறைந்தது எத்தனை நாள், அதிகபட்சம் எத்தனை நாள். மோட்டாரைத் தூக்கிப் பார்க்காமல் கடைசி எண் தெரியாது என்றால் அதையும் சொல்லிவிடலாம். கேட்பவருக்கு ஒரே கேள்வி: ‘அண்ணே, இன்னும் பிரிச்சுப் பார்க்காதது எது?’